ஆகுமான உணவும் செந்நிறக்கீழ்க் கதிரும்

உண்ணும் பொருள் எத்தகையது, எங்கிருந்து வந்தது, யார் ஆக்கியது என்னும் வினாக்கள் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியன அல்ல. திருக்குறள் புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தது. ஆறுமுக நாவலர் தம் பாலபாடத்திலே புலாலுண்ணலைக் கடிந்து தனிப்பாடம் எழுதினார். விரத நாள்களிலே அடுக்களைப் பாத்திரங்களையும் வேறாக எடுத்து வைக்கும் வீடுகள் இன்றும் உள. கடைவீதியிற் 'சைவக் கடை' என்னும் பெயர்ப்பலகையைக் கண்டே ஐயமின்றி உட்புகுவோரும் பலர். இதே வினா, வேறொரு நெறியை அடியாகக் கொண்டு, முஸ்லிம் மக்களிடத்தும் உண்டு. அவர்தம் மார்க்கத்தில் உண்ணத் தகுந்தது 'ஹலால்' எனப்படும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதனை 'ஆகுமானது' என்பர். விலக்கப்பட்டது 'ஹராம்'. பன்றியும், பன்றியினின்று பெறப்படுவனவும், இரத்தமும், தானாக இறந்த விலங்கின் ஊனும், மதுவும் ஹராம். ஆடு, மாடு, கோழி முதலியன ஆகுமானவையேனும், இறைவன் பெயர் சொல்லி முறைப்படி அறுக்கப்பட்டனவாதல் வேண்டும்.

முற்காலத்தில் இவ்வினாவிற்கு விடை கூறியது அறிமுகம் ஒன்றே. நல்லெண்ணெய் எந்தச் செக்கிலே ஆட்டியதென்பது வாங்குவோர்க்குத் தெரியும். நெய் தம் வீட்டுப் பசுவின் தயிரைக் கடைந்தெடுத்ததாகவோ அயல்வீட்டாரிடம் வாங்கியதாகவோ இருக்கும். யாழ்ப்பாணம் சோனகதெருவில் வாழ்ந்த முஸ்லிம் மக்களுள் இறைச்சிக் கடை நடத்தினோர் பலர். விலங்கை அறுத்தவர் இன்னாரென அத்தெருவாரும் அயலாரும் நேரே அறிந்திருந்தனர். 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்தம் வீடும் தொழிலும் மட்டுமன்றி, இத்தகைய அறிமுகங்களும் ஒருங்கே அறுந்தன. 2009இன் பின்னர்த் திரும்பியோர் ஒரு பகுதியினரே. இதற்கிடையிலே உணவுப் பண்டங்கள் பொதியிலும் புட்டியிலும் அடைபட்டுக் கடல் கடந்து வரலாயின. அறிமுகத்தின் இடத்தை அச்சிட்ட முத்திரையொன்று பிடித்துக்கொண்டது. முத்திரையை நம்புவதோ விடுவதோ என்னும் வினா எழுந்தபோது, பொருளையே சோதித்தறியும் வழி உண்டோ என விஞ்ஞானிகளை நோக்கிக் கேட்டல் இயல்பேயாம்.

அவ்வினா வெறுங் கற்பனையன்று. 2019 பெப்ரவரியிலே, இறக்குமதியாகும் பாற்பொடியிற் பன்றிக் கொழுப்பும் தாவர எண்ணெயும் கலந்துள்ளன என இலங்கைப் பாராளுமன்றத்திற் பிரதியமைச்சர் ஒருவர் கூறினார். இறக்குமதி செய்தோர் அதனை மறுத்தனர். அக்கூற்று உண்மையாயின் முஸ்லிம் வீடுகளிலும் சைவ வீடுகளிலும் ஒருங்கே குழந்தையின் பாற்கோப்பையை அது தீண்டும். உருக்கி வடித்து மணம் போக்கிய கொழுப்பினைக் கண்ணாலோ நாவாலோ இன்ன விலங்கினதென்று பிரித்தறிதல் இயலாது. இவ்விடத்தே உதவிக்கு வரும் கருவிகளுள் விரைவானதும் செலவு குறைந்ததும் செந்நிறக்கீழ்க் கதிர் நிறமாலைமானி ஆகும். தமிழ்நாட்டார் இக்கதிரினை அகச்சிவப்புக் கதிர் என்பர்.

இக்கதிரைக் கண்டறிந்தவர் உவில்லியம் ஹேர்ச்செல். இவர் சங்கீத வித்துவானாயிருந்து வானியலாராகி 1781இல் யுரேனசு என்னும் கோளைக் கண்டவர். 1800ஆம் ஆண்டிலே சூரிய ஒளியை அரியத்தாற் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், ஒளியே புலப்படாத இடத்தில் வைத்த வெப்பமானி பிறவற்றினும் கூடுதலாக ஏறியது. கண்ணுக்குத் தெரியாக் கதிர் ஒன்று உண்டென்பது இவ்வாறு அறியலாயிற்று. ஒரு நூற்றாண்டின் பின்னர், அமெரிக்கரான கொப்லென்சு என்பார் நூற்றுக்கு மேற்பட்ட சேர்வைகளினூடாக இக்கதிரைச் செலுத்தி, எவ்வெவ் அலைநீளங்கள் உறிஞ்சப்படுகின்றன என்பதை 1905இல் வெளியிட்டார். மூலக்கூற்றின் ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஓரிடத்திலே கதிரை உறிஞ்சுகின்றது என்பது அவர்தம் வரைபுகளால் தெளிவாயிற்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்த சி. வி. இராமன் 1928இற் கண்ட ஒளிச் சிதறலும் மூலக்கூற்றின் இவ்வதிர்வையே வேறொரு வாயிலாற் காட்டுவதாகலின், அதனை இம்முறையின் உடன்பிறப்பெனல் தகும்.

அதிர்வாவது யாது? இரண்டு இரும்புக் குண்டுகளை ஒரு வில்லின் இருமுனையிலும் பூட்டி இழுத்துவிட்டால் அவை குறித்த ஒரு வேகத்தில் அதிரும். குண்டு பாரமாயின் அதிர்வு மெதுவாகும். வில் இறுக்கமாயின் விரைவாகும். அணுக்களே குண்டுகள், அவற்றின் பிணைப்பே வில். காபனும் ஐதரசனும் இணைந்த பிணைப்பு ஒருவிதமாகவும், காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பிலே சேர்ந்தது வேறுவிதமாகவும் அதிரும். மேல்விழும் கதிரின் அதிர்வு பிணைப்பின் அதிர்வோடு ஒக்குமாயின், மூலக்கூறு அக்கதிரை உண்டுவிடும். ஒவ்வாதது ஊடு சென்றுவிடும். எஞ்சி வெளிவருவதை அளந்து கோடாக வரைந்தால் மலையும் பள்ளமுமாக ஒரு வரைபு தோன்றும். அதுவே நிறமாலை. அதில் இடத்தைக் குறிப்பதற்கு அலையெண் என்னும் அளவு வழங்குகின்றது. ஒரு சென்ரிமீற்றர் நீளத்துள் அடங்கும் அலைகளின் தொகையே அது. உணவாராய்ச்சிக்கு வேண்டுவது பெரும்பாலும் 4000 முதல் 400 வரையுள்ள பகுதி.

இனிக் கொழுப்பினை நோக்குக. தேங்காயெண்ணெயாயினும், நெய்யாயினும், பன்றிக் கொழுப்பாயினும் அமைப்பு ஒன்றே: கிளிசரோல் என்னும் சிறு தண்டிலே மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் எசுத்தர்ப் பிணைப்பாற் பூட்டப்பட்டிருக்கும். ஆதலின் எல்லாக் கொழுப்பின் நிறமாலையும் முதற்பார்வையில் ஒன்றுபோலவே தோன்றும். 1745ஐ அடுத்து எசுத்தரின் உயர்ந்த கொடுமுடி. ஒரு செக்கனில் ஏறத்தாழ 52 இலட்சம் கோடி முறை நிகழும் அதிர்வு அது. 2922, 2853 என்னும் இடங்களில் சங்கிலியின் காபன்-ஐதரசன் பிணைப்புகள். 1160ஐ அடுத்துக் காபன்-ஒட்சிசன் ஒற்றைப் பிணைப்பு. 722ஐ அடுத்து நீண்ட சங்கிலியின் அசைவு. இவற்றைக் கண்டு இது கொழுப்பு என்று கூறலாமேயன்றி, இன்ன விலங்கின் கொழுப்பு என்று கூறல் ஆகாது.

வேற்றுமை நுண்ணிய இடங்களிலே உறைகின்றது. சங்கிலிகளுட் சில இரட்டைப் பிணைப்பு உடையன, சில அற்றன. இரட்டைப் பிணைப்பின் ஓரத்து ஐதரசன் 3006ஐ அடுத்து ஒரு சிறு தோள்போலத் தோன்றும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளையுடைய இலினோலெயிக் அமிலம், பன்றிக் கொழுப்பில் நூற்றுக்குப் பத்தளவிலும், மாட்டுக் கொழுப்பில் மூன்றளவிலும், கோழிக் கொழுப்பில் இருபதளவிலும் காணப்படும். ஆகவே அத்தோளின் உயரமும் இடமும் சிறிது மாறும். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் செய்யும் மாற்றத்தால் ஆடு மாடுகளின் கொழுப்பிலே திரான்ஸ் என்னும் வகைப் பிணைப்பு சிறிதளவு உண்டு. அது 966இல் மெல்லிய மேடாகத் தெரியும். பன்றி அசைபோடாத விலங்காகலின் அதன் கொழுப்பில் அம்மேடு மிகத் தாழ்ந்தது. 1118, 1098 என்னும் இரு மேடுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வும் கொழுப்புக்குக் கொழுப்பு வேறுபடும். இவ்வேற்றுமைகள் யாவும் மயிரிழையளவின. அவற்றை அளந்து கூறத்தக்க நுண்மை கருவிக்கு வேண்டும்.

அந்நுண்மையை அளித்தது தலையீட்டுமானியும் கணினியும் சேர்ந்த அமைப்பு. பழைய கருவிகள் பாறையுப்பினால் ஆகிய அரியங்கொண்டு கதிரைப் பிரித்து, அலையெண்ணை ஒவ்வொன்றாக அளந்தன. ஈரக் காற்றிலே உப்பு கசியுமாதலால் எம்போன்ற நாடுகளில் அவற்றைப் பேணுதல் பெருந்தொல்லை. புதிய கருவிகள் எல்லா அலைகளையும் ஒருங்கே அளந்து, பூரியே என்னும் பிரெஞ்சுக் கணிதவியலார் வகுத்த முறையாற் பிரித்தெடுக்கின்றன. மாதிரியைப் பளிங்கொன்றின் மேல் ஒரு துளியாக வைத்தாற் போதும். பளிங்கு வைரமாயின் கீறலும் விழாது, ஈரமும் தீண்டாது. ஒரு நிமிடத்துள் வரைபு திரையில் எழும். பின்னர்த் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை வைக்கலாம்.

இவ்வாய்வை ஆகுமான உணவின்பாற் செலுத்தியதில் மலேசியர் முன்னின்றனர். மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாக்கோப் சே மான், மிர்கானி என்போர், கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் கொழுப்பிற் கலந்த பன்றிக் கொழுப்பை இம்முறையாற் கண்டறியலாம் என்பதை 2001இல் வெளியிட்டனர். பின்னர் இந்தோனேசியரான அப்துல் ரோமான் முதலியோர், 'பக்சோ' என்னும் மாட்டிறைச்சி உருண்டையிற் பன்றியிறைச்சி கலந்ததை, அவ்வுருண்டையின் கொழுப்பைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து காட்டினர். கண்ணாற் பார்த்து மேடுகளை ஒப்பிடுதல் இங்கே போதாது. அளவறிந்து கலந்த மாதிரிகள் பலவற்றின் நிறமாலைகளைக் கணினிக்கு முதலிற் பயிற்றி, அவற்றினின்று ஒரு சமன்பாட்டை அமைத்து, அறியாத மாதிரியை அச்சமன்பாட்டில் இட்டுக் காண்பர். எனவே விடையின் தரம் பயிற்சி மாதிரிகளின் தரத்தையே பொறுத்தது. இதனை உணராதார் கருவியைச் சோதிடம்போற் கருதிவிடுதல் உண்டு.

இவ்விடத்தே யாழ்ப்பாணத்திற்குரிய ஒரு செய்தி உண்டு. பன்றியின் கொழுப்பு அது தின்ற தீனியைப் பொறுத்து மாறும். சோயா முதலியன உண்டு வளர்ந்த பன்றியின் கொழுப்பு இளகியதாயும், தேங்காய்ப் பிண்ணாக்கு உண்டு வளர்ந்ததன் கொழுப்பு இறுகியதாயும் அமைதல் கூடும். ஆகவே மலேசியாவில் அமைத்த சமன்பாட்டை இங்கே கொணர்ந்து அவ்வாறே பொருத்துதல் தகாது. கலக்கப்படும் எண்ணெயும் வேறுபாட்டை உண்டாக்கும். தேங்காயெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறளவு நிரம்பிய கொழுப்பமிலங்களாதலின், 3006இல் அதற்குத் தோளே இல்லையெனலாம். அதிற் பன்றிக் கொழுப்புச் சிறிது சேரினும் தோள் எழுந்து காட்டிக்கொடுக்கும். நல்லெண்ணெயிலோ இலினோலெயிக் அமிலம் நூற்றுக்கு நாற்பதிற்கு மேலும் உண்டு. ஏலவே உயர்ந்த தோளின் மேற் சிறிய மாற்றம் மறைந்துபோகும். அதனால் ஒரே கருவி ஓர் எண்ணெயிற் கூர்மையாகவும் மற்றோர் எண்ணெயில் மழுங்கியதாகவும் தொழிற்படும்.

நீர் இதனினும் பெரிய இடையூறு. அது 3300, 1640 ஆகிய இடங்களிற் பெரும் மேடுகளைத் தோற்றுவித்துப் பிறவற்றை மூடும். மதுசாரம் 1045, 1087 என்னும் இடங்களில் உறிஞ்சும். அவ்விடங்களில் நீரின் தொல்லை குறைவாகலின் அதனை அளத்தல் கூடும். பனையின் பாளையிற் கட்டிய முட்டியிலே சுண்ணாம்பு இட்டாற் கருப்பநீர், இடாவிடிற் கள்ளு என்பது குடாநாட்டார் அறிந்ததே. கருப்பநீர் எந்நேரத்திற் புளித்துக் கள்ளாகத் தொடங்கியது என்பதை இம்மேடுகளின் வளர்ச்சியாற் காணலாம். ஆயினும் அவ்விடங்களில் வெல்லமும் உறிஞ்சுமாதலின், இதற்கும் சமன்பாடு வேண்டும்.

கருவி எவ்வளவு கூரியதாயினும் காண இயலாதவை உள. நூற்றுக்கு ஒன்றளவினும் குறைந்த கலப்பைச் செந்நிறக்கீழ்க் கதிராற் கண்டறிதல் பெரும்பாலும் அரிது. இறைச்சியாயின் அதிலுள்ள மரபணுவைப் பெருக்கிக் காணும் முறை இதனினும் பன்மடங்கு நுண்ணியது. ஆனாற் சுத்திகரித்த கொழுப்பில் மரபணு எஞ்சுவதில்லை எனத்தக்க அளவினதாகலின், ஆங்கே கொழுப்பின் இரசாயனமே துணை. பன்றிக் கொழுப்பிற்குரிய சிறந்த அடையாளம், பாமிற்றிக் அமிலம் கிளிசரோற் றண்டின் நடுவிடத்தைப் பெரும்பாலும் பற்றியிருத்தலாகும்; தாவர எண்ணெய்களிலும் மாட்டுக் கொழுப்பிலும் அந்நடுவிடத்தை நிரம்பாத அமிலங்களே மிகுதியும் பற்றும். இவ்வடையாளத்தைச் செந்நிறக்கீழ்க் கதிர் தெளிவாகக் காட்டாது. நொதியங்கொண்டு பிரித்து வாயு நிறப்பகுப்பியற் கருவியால் அளத்தல் வேண்டும். ஆகவே செந்நிறக்கீழ்க் கதிரை வாயிற்காவலனாகக் கொள்ளலாம். ஐயத்துக்குரியதை அது விரைவிற் பிரித்து வைக்கும், தீர்ப்பைப் பிற கருவிகள் கூறும்.

இவையாவும் அளவு பற்றிய குறை. தன்மை பற்றிய குறையும் உண்டு. ஆட்டிறைச்சி மாதிரியொன்றை எத்துணை ஆராயினும், அவ்வாட்டை அறுத்தவர் இறைவன் பெயரை மொழிந்தாரா என்பதற்கு நிறமாலையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இந்தோனேசியாவில் நிகழ்ந்ததொன்று இதனை நன்கு விளக்கும். அந்நாட்டில் அஜினோமோட்டோ என்னும் சுவையூட்டியை ஆக்கும் பற்றீரியங்களை வளர்த்தற்குரிய ஊட்டப்பொருள் சோயாவினின்று பெறப்பட்டது. ஆனாற் சோயாவைச் சிதைத்தற்குப் பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதியம் பயன்பட்டது. அந்நாட்டு உலமா சபை 2000 டிசெம்பரில் அதனை ஹராம் எனத் தீர்த்தது. 2001 சனவரியிற் பண்டம் கடைகளினின்று மீளப்பெறப்பட்டது. முடிவுப் பொருளிற் பன்றியின் கூறு காணப்படவில்லை என்னும் சோதனையை ஆதாரமாகக் கொண்டு சனாதிபதி அப்துர் ரஹ்மான் வாஹித் அதனை ஹலால் என்றார். அவரும் இசுலாமிய அறிஞரே. ஆய்வுக்கூடம் கூறியதில் பிழை இல்லை. உலமாக்கள் கூறியதும் அவர்தம் நெறிக்கு இயைந்ததே. முன்னது பொருளை நோக்கியது. பின்னது அப்பொருள் வந்த வழியை நோக்கியது.

மலேசியாவில் 2014 மே மாதத்தில் இருவகைச் சொக்கலேற்றுகளிற் பன்றியின் மரபணு உண்டென்று சுகாதார அமைச்சு அறிவித்தது. சில நாள்களின் பின்னர், தொழிற்சாலையிலிருந்து தாமே மாதிரி எடுத்துச் சோதித்த இசுலாமிய அபிவிருத்தித் திணைக்களத்தார் இல்லையென்றனர். எந்தப் பண்டத்தினின்று, எவ்விடத்தில், யார் கையால் மாதிரி எடுக்கப்பட்டது என்பது கருவியின் நுண்மையினும் முதன்மை பெறுகின்றது. பத்திரிகைகளோ இதனை ஒருவரியிற் கடந்து, ஆரவாரத்தையே பெரிதாக்கும்.

இந்துக்களுக்கும் இவ்வழியிற் படிப்பினை உண்டு. 1983இல் இந்தியாவிலே வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலந்ததென்று பெருங் கொந்தளிப்பு எழுந்தது. 2024இல் திருப்பதித் திருமலைத் தேவஸ்தானத்தின் இலட்டுக்குப் பெற்ற நெய்பற்றி எழுந்த வழக்கு அண்மையது. குசராத்து மாநிலம் ஆனந்து நகரிலுள்ள ஆய்வுக்கூடம் நெய்யின் கொழுப்பு மூலக்கூறுகளை வாயு நிறப்பகுப்பியலால் அளந்து, அவை பாற்கொழுப்பிற்குரிய எல்லைக்குப் புறம்பானவை என அறிவித்தது. எல்லை கடந்தமைக்குக் காரணமாகக் கூடிய அயற்கொழுப்புகளின் பட்டியலிற் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் தாவர எண்ணெய்களும் இருந்தன. பசுவின் தீனியும் உடல்நிலையும் இவ்வளவுகளைப் பிறழச் செய்யலாம் என்னும் எச்சரிக்கையும் அவ்வறிக்கையிலேயே இருந்தது. மேடையிற் பேசினோர் பட்டியலைப் படித்தனர். எச்சரிக்கையைப் படித்தார் சிலரே. இந்திய உயர்நீதிமன்றம் 2024 ஒக்டோபர் 4ஆம் நாள் ஐவர் கொண்ட சுயாதீன விசாரணைக் குழுவை அமைத்தது.

மருந்துக் குளிசைகளின் உறையாகும் சவ்வுப்புரதமாகிய செலற்றீனும் ஈண்டுக் கருதற்பாலது. அது பன்றித் தோலினின்றோ மாட்டின் தோல், எலும்பினின்றோ எடுக்கப்படும். முஸ்லிம் ஒருவர் அது பன்றியினதோ என்று கேட்பார். சைவர் ஒருவர் அது பசுவினதோ என்று கேட்பார். 1650, 1550 என்னும் இடங்களை அடுத்துத் தோன்றும் புரத மேடுகளின் நுண்ணிய வேற்றுமையைக் கணித முறையால் ஆராய்ந்து, இவ்விரண்டையும் வேறு பிரிக்கலாமென மலேசிய ஆய்வாளர் காட்டினர். இருவர் வினாவுக்கும் ஒரே வரைபு விடை கூறுகின்றது. இலங்கையில் ஹலால் முத்திரை 2012, 2013ஆம் ஆண்டுகளிற் பெரும் எதிர்ப்புக்கு இலக்காகி, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அச்சான்றளிப்பினின்று விலக, 2014 முதல் தனி நிறுவனமொன்று அப்பணியை ஏற்றது. பிறர் உணவின்மேல் ஒரு சமயத்தார் முத்திரை குத்துகின்றனர் என்று அக்காலத்தே கூறினோர், உண்பதை அறிந்துண்ண விழைதல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவென்பதை மறந்தனர் போலும்.

குடாநாட்டிற்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவி மட்டுமன்று. மாதிரிக் கொழுப்புகளின் நம்பத்தக்க தொகுதியொன்றுமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்குத் திருநெல்வேலியில் விஞ்ஞான பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும் உள. வேதியியல் அறிந்தாரும் கால்நடை அறிந்தாரும் கூடின், ஊர் ஆட்டின் கொழுப்பு, மாட்டின் கொழுப்பு, கோழிக் கொழுப்பு, வெவ்வேறு தீனியுண்ட பன்றிகளின் கொழுப்பு, பசுநெய், எருமைநெய், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் என்பவற்றை மாரியிலும் கோடையிலும் தனித்தனியே சேர்த்து நிறமாலை எடுத்துவைத்தல் சில ஆண்டு வேலை. பட்டப்படிப்பு மாணவரின் ஆய்வுக்கும் அது ஏற்ற பொருள். ஒவ்வொரு புட்டியின் மேலும் விலங்கு எவ்வூரது, என்ன தின்றது, எந்நாள் அறுக்கப்பட்டது, அறுத்தவர் யார், அருகிருந்து கண்டவர் யார் என்னும் விவரங்களை மையால் எழுதி ஒட்டுதல் வேண்டும். அவற்றுட் பிற்கூறிய இரண்டும் எந்த நிறமாலையாலும் அறியப்படாதவை.